வராத பிள்ளைகளை எண்ணியவர்

“எத்தன பேரு இருக்காகன்னு கேக்காதீக அண்ணே. எத்தன பேரு வருவாகன்னு கேளுங்க.”

இதை அவர் என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். முதல் தடவை கேட்டபோது எரிச்சல் வந்தது. பத்தாவது தடவை, இந்த அம்மாவுக்கு வேறு வேலையே இல்லையா என்று தோன்றியது. இப்போது அவர் புருஷனுக்கு மாற்றலாகி வடக்கே ஏதோ ஒரு மாவட்டத்துக்குப் போய்விட்டார். அங்கே எந்த ஆப்பரேட்டரின் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறாரோ தெரியாது. யாராயிருந்தாலும் அந்த ஆள் கொடுத்துவைத்தவன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தடவை பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து கேட்டபோது, “எம் பேரப் போட்டு என்ன செய்யப் போறீக? பிள்ளைக பேரப் போடுங்க, பள்ளிக்கூடத்துலயாவது ஞாபகம் வெச்சுக்கிருவாக” என்று விரட்டிவிட்டார். நான் எழுதினால் எனக்கும் அதே கதிதான். எங்களுக்கெல்லாம் அவர் ‘டீச்சர்’. அலுவலகத்தில் ஏழெட்டு டீச்சர்கள் இருந்தார்கள். ஆனால் அடைமொழி இல்லாமல் டீச்சர் என்றால் அது அவர்தான்.

தேனிக்குத் தெற்கே, கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றூரில் எங்கள் வட்டாரக் கல்வி அலுவலகம் இருந்தது. நான் அங்கே கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர். டீச்சர் சிறப்பாசிரியர். நடக்க முடியாத, காது கேட்காத, பேச்சு வராத, மனவளர்ச்சி குறைந்த பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்று பார்த்து, அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. அவர்களுக்கு என்ன வேண்டும், யார் வேண்டும் என்று மேலே எழுதி அனுப்புவதும் அதில் அடங்கும். என்னைவிட இரண்டு வயது இளையவர். அந்த இரண்டு வயது மரியாதையை வாயால் கொடுப்பார், காரியத்தில் கொடுக்க மாட்டார்.

ஸ்கூட்டரில்தான் வருவார், எப்போதும் தாமதமாகத்தான் வருவார். தலையில் ஹெல்மெட் இருக்காது, கையில் இருக்கும். அதற்குள் திராட்சையோ கொய்யாவோ நிறைந்திருக்கும். போகிற வழியில் யாராவது தோட்டத்துக்காரர் கொடுத்தது. அதை என் கீபோர்டின் மேல் வைத்துவிட்டு, “சாப்புடுங்கண்ணே, கோவம் கொறையும்” என்பார். கீபோர்டில் திராட்சைச் சாறு பட்டு ‘எஃப்’ எழுத்து ஒரு மாதம் வேலை செய்யவில்லை.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. சின்னப்பிள்ளை யாரைப் பார்த்தாலும் கேட்கும் முதல் கேள்வி, “வர்ற ஜூன்ல எத்தன வயசு?” கல்யாண வீடு, சர்ச், தடுப்பூசி போடும் புதன்கிழமை, ரேஷன் கடை வரிசை என்று எங்கே போனாலும் அவர் கண் இடுப்பில் இருக்கும் பிள்ளைகள் மேல்தான் இருக்கும். பார்த்துவிட்டு மனதுக்குள் ஜூன் மாதங்களைக் கூட்டுவார். அவர் பையில் மூன்று நாற்பது பக்க நோட்டுகள் இருக்கும். அட்டையில் ‘இந்த ஜூன்’, ‘அடுத்த ஜூன்’, ‘அதுக்கடுத்த ஜூன்’ என்று எழுதியிருக்கும். எந்தப் பிள்ளை எந்த ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு வரவேண்டுமோ அந்த நோட்டில் ஏறிவிடும். ஜூன் முடிந்ததும் முதல் நோட்டு பீரோவுக்குப் போகும். மற்ற இரண்டும் ஒரு படி முன்னே நகர, புதிதாக ஒரு நோட்டு வரும்.

இந்த வியாதியால் எனக்கே வீட்டில் சண்டை வந்தது. என் தங்கை மகனுக்குக் காதுகுத்து. அலுவலகத்தில் எல்லோரையும் அழைத்திருந்தேன், டீச்சரும் வந்தார். மேளம் பிளந்து கட்டுகிறது. என் சித்தப்பா மகள் தன் இரண்டு வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு மேளத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். பையன் அவள் தோளில் தூங்குகிறான். டீச்சர் இலையை விட்டு எழுந்து போய்ப் பையன் முதுகுப்பக்கம் நின்று கைதட்டினார். தட்டைக் கீழே போட்டார். பையன் அசையவில்லை. நேரே பையனின் தாயிடம், “தாயி, இவனுக்குக் காது பாத்தீகளா?” என்று கேட்டுவிட்டார்.

“விசேச வீட்டுல வந்து எம் பிள்ளைக்கு நொட்ட சொல்லுது, யாருண்ணே இந்தப் பொம்பள?” என்று அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். நாலு மாதம் என்னோடு பேசவில்லை. ஐந்தாவது மாதம் ஒருநாள் அலுவலக வாசலில் பையனோடு வந்து நின்றாள். என்னைப் பார்க்க வரவில்லை. “டீச்சரு இருக்காகளா?” என்று மட்டும் கேட்டாள். அந்தப் பையனுக்குக் காதுக் கருவி வாங்கி, பேச்சுப் பயிற்சி கொடுத்து, இன்று அவன் வாயை மூடவைக்கத்தான் ஆள் தேவைப்படுகிறது. ஆனாலும் காதுகுத்தில் அவர் செய்தது நாகரிகமில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நாகரிகம் பார்த்திருந்தால் பையன் ஊமையாகத்தான் இருந்திருப்பான் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சண்டை தொடங்குவது தை மாதத்தில். அடுத்த கல்வியாண்டுக்கு வட்டாரத்தில் எத்தனை பள்ளி உதவியாளர்கள் தேவை என்று அப்போது தேனி மாவட்ட அலுவலகத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். உதவியாளர் என்றால், தானாக நடக்கவோ சாப்பிடவோ முடியாத பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், சோறு ஊட்டி, பென்சிலைப் பிடித்துக்கொடுத்து, வகுப்பில் உட்காரவைக்கிறவர். அவர் இல்லாவிட்டால் அந்த வேலைக்குத் தாய் வரவேண்டும். தாய் வராவிட்டால் பிள்ளை வராது.

நான் அந்தக் கணக்கை அரைமணி நேரத்தில் முடித்துவிடுவேன். போன வருடம் பதிவேட்டில் எத்தனை பிள்ளைகளோ அதை எடுத்து, அதோடு கொஞ்சம் கூட்டி, இத்தனை பிள்ளைக்கு ஓர் உதவியாளர் என்று வகுத்தால் விடை வந்துவிடும். ஷீட்டில் ஃபார்முலா போட்டு வைத்திருந்தேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

டீச்சர் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஏண்ணே, குமுளி பஸ்சுல எடமில்லாம எத்தனையோ பேரு ஸ்டாண்டுலயே நிக்கிறாக. நீங்க பஸ்சுக்குள்ள இருக்கிற தலைய மட்டும் எண்ணிப்பிட்டு, இன்னொரு பஸ்சு வேணாங்கிறீக.”

“பதிவேட்டுல இல்லாத பிள்ளைய நான் எப்பிடி டீச்சர் எண்ணுறது?”

“உதவியாளரு இல்லேன்னுதான் பதிவேட்டுக்கு வரல. பதிவேட்டுல இல்லேன்னுதான் உதவியாளரு வரல. இப்பிடியே போனா அதுக்கு முடிவு ஏது?”

நான் கோபப்பட்டு ஷீட்டை மூடினேன். எனக்கு வழக்கம் அதுதான்.

அவர் சொன்னது சரி. ஆனால் முதல் வருடம் அவர் எண்ணியது தப்பாகப் போனது. சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. பள்ளத்தாக்கு முழுக்க அங்கேதான் இருக்கும். எட்டு நாளும் டீச்சர் அங்கேயே கிடந்தார். அக்கினிச்சட்டி எடுக்கிற கூட்டம், பொம்மைக் கடை, ராட்டினம் என்று ஒரு இடம் விடாமல் சுற்றி, ‘இந்த ஜூன்’ நோட்டில் எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகள் பத்துப் பேரை ஏற்றினார். திருவிழாவைவிட நல்ல இடம் கிடைக்குமா, எல்லாரும் பிள்ளையோடு அங்கனதானே வர்றாக என்று அவருக்கு ஒரே சந்தோஷம். அதை வைத்துத் தேனியில் மன்றாடி இரண்டு உதவியாளர்களைக் கூடுதலாக வாங்கினார்.

ஜூனில் வந்தது நாலு பிள்ளைகள்.

மற்ற ஆறு பேரும் கேரளப் பக்கத்து மலைமேல் போய்விட்டார்கள். திருவிழா நேரத்தில் ஏலக்காய் எடுப்பு கிடையாது, மலைத் தோட்டங்களில் குடியிருக்கிற சனமெல்லாம் சாமி கும்பிடக் கீழே இறங்கியிருக்கும். மழை தொடங்கியதும் குடும்பத்தோடு மேலே ஏறிவிடும். பிள்ளைகளும் அங்கே தோட்டத்து வீடுகளில்தான். அதில் இரண்டு பேர் அங்கனயே பள்ளிக்கூடத்தில் சேர்ந்து மலையாள எழுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். இதே ஊரில் பிறந்து வளர்ந்த டீச்சருக்கு இது தெரியாதா? தெரியும். பிள்ளையைக் கண்ட சந்தோஷத்தில் மறந்துபோயிற்று. கூடுதலாக வந்த உதவியாளர்களில் ஒருவர் பார்த்துக்கொள்ளப் பிள்ளையே இல்லாமல் வருடம் முழுக்கப் பள்ளிக்கூடத்து நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

தேனிக் கூட்டத்தில் அதிகாரி எல்லோர் முன்னாலும் கேட்டார். “ஆறு பிள்ளைங்க எங்கம்மா? ஆவியா போயிட்டாங்களா?” அவர் வெளி மாவட்டத்துக்காரர், பேச்சு வேறு மாதிரி இருக்கும். டீச்சர் எழுந்து நின்று, “தப்பு என்னோடது சார்” என்றார். கூடுதலாகக் கொடுத்த இருவரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பஸ்சில் திரும்பி வரும்போது சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன், படவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, சின்னமனூர் வரைக்கும் ரோட்டில் போகிற வண்டிகளையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் திடீரென்று, “ஜீப்பு!” என்றார்.

“என்ன ஜீப்பு?”

“மேல தங்குறவுக மேல. தெனம் ஜீப்புல போயிட்டு வர்றவுக கீழ. அவுக பிள்ளைகதான் நம்ம பிள்ளைக.”

அடுத்த ஏலக்காய் எடுப்பு தொடங்கியதும் ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். “வந்து பாருங்கண்ணே, அப்பறம் ஃபார்முலா போடுங்க” என்றார். விடியற்காலை ஐந்தரை மணி, மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்புகள் நிற்கிற இடம். தலையில் துண்டு, கையில் தூக்குவாளியோடு பெண்கள் கூட்டம் கூட்டமாக ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்குச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் பார்த்ததில்லை. டீச்சர் ஏறியிருக்கிற ஒருவரையும் பார்க்கவில்லை. நேரே டிரைவரிடம் போய், “பாண்டியண்ணே, இந்த வருசம் யாரு நின்னுபோனாக?” என்றார்.

டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “பாத்தீகளா சார், இந்த டீச்சரு வர்ற ஆளக் கேக்க மாட்டாக. வராத ஆளத்தான் கேப்பாக.” பிறகு விரல் விட்டார். “நின்னுபோனது மூணு பேரு. ஒண்ணு கலியாணமாகிப் போயிருச்சு. ஒண்ணுக்கு இடுப்புவலி. இந்த அமலி நின்னுதான் நாலு வருசமாச்சு, ஆனா அது எடத்த நாங்க யாருக்கும் விடல. வருவேன், வருவேன்னு சொல்லிக்கிட்டே இருக்கு.”

“அது ஏன் நின்னுச்சு?”

“பொம்பளப் பிள்ள பெறந்துச்சுல்ல, அது உக்காராதாம்.”

வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் காரணமில்லாமல் நின்றுபோனால், வீட்டில் விட்டுவிட்டுப் போக முடியாத ஓர் உயிர் இருக்கிறது. டீச்சர் கண்டுபிடித்த வழி இவ்வளவுதான். ஒவ்வொரு ஜீப்பாகக் கேட்டுக்கொண்டே போனார். ஏழு மணிக்குள் நாலு பெயர் கிடைத்தது. என் ஷீட்டில் அந்த நாலு பேரும் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்வதில் நஷ்டமில்லை.

அன்றைக்கே அமலி வீட்டுக்குப் போனோம். மாதா கோயில் தெருவில் ஒற்றை அறை வீடு. சுவரோடு இரண்டு தலையணையை அண்டைக்கொடுத்து ஒரு பெண்பிள்ளையை உட்காரவைத்திருந்தார்கள். ஜெனி. நாலரை வயது. கால் இரண்டும் விறைத்திருக்கும், முதுகு நிற்காது, கை நடுங்கும். வார்த்தை ஒவ்வொன்றாக, இழுத்து இழுத்துத்தான் வரும். ஆனால் வந்துகொண்டே இருக்கும். என்னைப் பார்த்ததும், “நீ… யாரு? செருப்ப… வெளிய… விடு” என்றாள். விட்டேன்.

டீச்சர் சிரித்துவிட்டு, ஜெனியின் எதிரே தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார். எழுந்தபோது நோட்டை எடுத்து எழுதினார். “அமலி, ஒம் மகளுக்கு அறிவுல ஒரு கொறையும் இல்ல. வர்ற ஜூன்ல ஒண்ணாம் வகுப்பு.”

அமலி சந்தோஷப்படவில்லை, கோபப்பட்டாள். “பள்ளிக்கூடத்துல யாரு டீச்சர் தூக்குவாக? யாரு கக்கூசுக்குக் கூட்டிப்போவாக? நாந்தான் போயி உக்காரணும். இங்கன உக்காந்திருக்கிறத அங்கன போயி உக்காரணும், அதான வித்தியாசம்? நாலு வருசமா இந்தச் செவுத்தத்தான் பாக்குறேன். எனக்கு மலைக்குப் போவணும் டீச்சர். கூலிக்கு மட்டும் சொல்லல. ஜீப்புல போறப்ப பாடுவோம், சண்ட போடுவோம், மேட்டுல காத்து மூஞ்சியில அடிக்கும். நான் மனுசின்னே எனக்கு மறந்துபோச்சு.” சொல்லும்போதே அழுதாள். ஜெனி தாயைப் பார்த்து, “அழுகாத… ஆளு… இருக்காக” என்றாள்.

அந்த வருடம் டீச்சர் கணக்கு பதினான்கு பிள்ளைகள், ஐந்து பள்ளிக்கூடங்கள், ஐந்து உதவியாளர்கள். என் ஃபார்முலா கணக்கு இரண்டு உதவியாளர்கள். வாழ்க்கையில் முதல் முறையாக ஃபார்முலாவை அழித்துவிட்டு ஐந்து என்று கையால் அடித்தேன்.

தேனிக் கூட்டத்தில் அதிகாரி காகிதத்தைப் பார்த்ததுமே கண்ணாடியைக் கழற்றினார். “அஞ்சா? போன தடவை உங்களை நம்பி நான் பட்டது போதாதா?”

“போன தடவ திருவிழாவுல எண்ணுனேன் சார். இந்தத் தடவ வீட்டுல எண்ணிருக்கேன். பதினாலு வீட்டுக்கும் போயிருக்கேன்.”

“பதினாலு பேரும் வருவாங்கன்னு என்ன நிச்சயம்?”

“உதவியாளரு உண்டுன்னா வருவாக சார்.”

“பிள்ளைங்க வந்தா உதவியாளர் உண்டு.”

அதிகாரி கெட்டவரில்லை, ஒரு தடவை சூடு பட்டவர். கடைசியில் சொன்னார். “ஜூன் முதல் வாரம் உங்க ஆபீஸ்ல சேர்க்கை முகாம் வைங்க. நானே வர்றேன். பதினாலுல பத்துப் பேர் வந்து சேர்க்கைப் படிவத்துல கையெழுத்துப் போடட்டும், அஞ்சு பேரையும் நான் எழுதி வாங்கித் தர்றேன். வரலைன்னா அடுத்த வருஷத்துல இருந்து இவர் ஃபார்முலாதான்.” இவர் என்று என்னைக் காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு டீச்சர் பதினான்கு வீட்டுக்கும் மறுபடி போனார். பொய் சொல்லி அழைத்திருக்கலாம், ஆள் போட்டாச்சு வாங்க என்று சொல்லியிருந்தால் வேலை சுலபம். அவர் சொல்லவில்லை. “உதவியாளரு வருவாகன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன் தாயி. நீங்க வந்தாத்தான் அவுக வருவாக. முதல்ல கொஞ்ச மாசம் நீங்கதான் உக்காரணும்” என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். எனக்குப் பதைப்பாக இருந்தது. “இப்பிடிச் சொன்னா யாரு டீச்சர் வருவா?” என்றேன். “பொய் சொல்லிக் கூட்டிவந்தா ரெண்டாவது நாளு வர மாட்டாகண்ணே” என்றார்.

முகாம் அன்று காலையிலிருந்தே சாரல். அலுவலக முற்றத்தில் பந்தல் போட்டு நாற்காலி அடுக்கியிருந்தோம். அதிகாரி பத்து மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். பத்தரைக்குப் பார்வையில்லாத ஒரு பையனைத் தகப்பன் சைக்கிளில் வைத்துக் கூட்டிவந்தார். ஆட்டோவில் இரண்டு பேர். அவ்வளவுதான். பதினொன்று ஆயிற்று. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வடை ஒன்றைப் பிட்டார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். இந்த அம்மா தோற்றுவிடக் கூடாது என்று நான் சாமி கும்பிட்டேன். போன தடவை இதே ஆள் தோற்கவேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான்தான். டீச்சர் வாசலில் மழையில் நனைந்துகொண்டு நின்றார்.

“மூணு பேர்” என்றார் அதிகாரி, எழுந்துகொண்டே.

“இன்னும் அரமணி நேரம் சார்.”

“பஸ் எல்லாம் போயிடுச்சேம்மா.”

“பஸ்சுல வரல சார்.”

அப்போதுதான் ஹாரன் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, மூன்று ஜீப். காலையில் சனத்தை மலைமேல் ஏற்றிக்கொண்டு போகிற ஜீப் சாயங்காலம் வரை அங்கேயே நிற்பதுதான் வழக்கம். அன்றைக்கு ஆட்களை இறக்கிவிட்டு, வெறும் வண்டியாகத் திரும்பி மலையிறங்கி, ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளையும் பெற்றோர்களையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சாரலில் பாதை வழுக்கி வரத் தாமதமாகிவிட்டது. பாண்டி முதல் ஜீப்பிலிருந்து குதித்து, “டீச்சரே, நின்னுபோன ஆளுகளயெல்லாம் ஏத்திட்டு வந்துட்டேன், எண்ணிக்கங்க!” என்று கத்தினார்.

நான் அதுவரை அலுவலகத்தில் யாரும் கைதட்டிப் பார்த்ததில்லை. அன்றைக்குத் தட்டினோம். பியூன், தலைமை எழுத்தர், டீக்கடைக்காரர், எல்லோரும் தட்டினோம். தாய் தோளிலும் தகப்பன் முதுகிலும் பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். அமலி ஜெனியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஜெனிக்கு ரிப்பன் கட்டி, பவுடர் போட்டு, புதுச்சட்டை. டீச்சர் நோட்டை விரித்துப் பெயர் கூப்பிட, நான் படிவத்தை எழுத, ஒவ்வொருவராகக் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். பட்டியலில் பதின்மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் காய்ச்சல், அதன் தாய் ஆதார் அட்டையைக் கொடுத்துவிட்டிருந்தாள்.

பெயர் கூப்பிட்டு முடித்த பிறகும் மூன்று தாய்மார்கள் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

“நீங்க யாரு?” என்றார் டீச்சர்.

“எங்க பேரு நோட்டுல இல்லீங்க. ஜீப்பு நின்னுச்சு, பிள்ளைகள ஏத்துறாக, பள்ளிக்கூடத்துல சேக்கப் போறாகன்னு சொன்னாக. நாங்களும் ஏறிட்டோம்.”

அதிகாரி சிரித்துக்கொண்டே வந்து டீச்சரிடம் கையை நீட்டினார். “பதினாலு சொன்னீங்க. பதினாறு பேர் வந்திருக்காங்க. நீங்க ஜெயிச்சிட்டீங்கம்மா.”

டீச்சர் கையைக் கொடுக்கவில்லை. முகம் சிவந்திருந்தது. “மூணு பிள்ளைய விட்டுட்டேன் சார். அஞ்சு வருசமா இந்த வீட்டுலயெல்லாம் இருந்திருக்குக, எங் கண்ணுல படல. எப்பிடி விட்டேன்?” அந்தத் தாய்மார்கள் பக்கம் திரும்பி, “ஆத்தா, ஒங்க தெருவுல இன்னும் யாரும் இருக்காகளா? சொல்லுங்க, வெக்கப்படாமச் சொல்லுங்க” என்று அங்கேயே நோட்டைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆர்டர் வர நாலு மாதமாயிற்று. அதுவரை அமலிதான் தினமும் ஜெனியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தாள். வாரத்துக்கொரு தடவை அலுவலகம் வந்து, “என்னாச்சு சார்?” என்று கேட்பாள். “வரும்” என்பேன். நானே நம்பாத நாளும் உண்டு. காலாண்டு விடுமுறை முடிகிற வாரத்தில் வந்தது. ஐந்து இல்லை, ஆறு உதவியாளர்கள். அதிகாரி கூடுதலாக வந்த மூன்று பிள்ளைகளையும் கணக்கில் சேர்த்து எழுதியிருந்தார். டீச்சர் என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு போனை எடுத்தார்.

“அமலி, திங்கக்கெழம நீ ஜீப்புல ஏறு.”

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் நானும் டீச்சரோடு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். வேலை எதுவுமில்லை, சும்மாதான் போனேன். ஒன்றாம் வகுப்பில் ஜெனி பெல்ட் போட்ட நாற்காலியில் முன் வரிசையில் இருந்தாள். பக்கத்தில் புது உதவியாளர். டீச்சரின் போன் அடித்தது. மலைமேலிருந்து அமலி. சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார்.

“டீச்சர், அழுகுறாளா? என்னையத் தேடுறாளா? இப்ப எறங்கி வந்துரட்டா?” அமலியின் குரலே அழுகிற மாதிரி இருந்தது. பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம், காற்றுச் சத்தம்.

டீச்சர் போனை ஜெனியின் வாய்ப்பக்கம் கொண்டுபோனார். ஜெனி சிலேட்டிலிருந்து நிமிரவில்லை.

“அம்மா… போன… வையி. பாடம்… நடத்துறாக.”

மலைமேல் அமலி சிரித்தது வகுப்பு முழுக்கக் கேட்டது.